நடை சாத்தாத கோயில்

ஞாயிற்றுக்கிழமை காலை, தட்டில் இட்லி ஆறிக்கொண்டிருக்க, ஜெயபாரதி மறுபடியும் ஹம்பிக்குள் நுழையப் பார்த்துக்கொண்டிருந்தாள். மந்தைவெளி வீட்டின் சாப்பாட்டு மேசையில், டேப்லெட்டில் விரிந்த வரைபடத்தின் மேல், ஆள்காட்டி விரலால்தான். விரல் ஆற்றங்கரையோரமாகப் போய்ப் பாறைகளில் முட்டிக்கொண்டது. திரும்பி வந்து கமலாபுரம் பக்கமாகத் தார்ச்சாலையைப் பிடித்தது. அங்கிருந்து விட்டலர் கோயிலுக்கு நேர் வழிதான். ஆனால் வண்டிகளை ஒரு கிலோமீட்டர் தள்ளியே நிறுத்திவிடுவார்களாம். மிச்ச தூரத்துக்கு பேட்டரி வண்டி, அதற்கு வரிசை. அங்கே வந்ததும் ஒவ்வொரு முறையும் விரல் நின்றுவிட்டது.

அடையாற்றில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் விசாரணை மேசையில் இருபது வருடத்துக்கும் மேலாக உட்கார்ந்திருப்பவள் அவள். ஸ்கேனுக்கு எந்தப் பக்கம், பிணவறைக்கு எந்தப் பக்கம் என்று நாளெல்லாம் வழி சொல்லிக்கொண்டே இருப்பாள். அந்தக் கட்டடத்தில் அவள் நாக்கு போகாத வார்டு கிடையாது. கால் போகாத வார்டுகள் நிறைய உண்டு. சின்ன வயதில் போலியோ வந்து வலது கால் சூம்பிவிட்டது. தொடையிலிருந்து பாதம் வரை இரும்புக் காலிப்பர், கையில் ஒரு ஊன்றுகோல், வாசலில் பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டர். இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு தீபாவளிக்கு முதல் நாள் ரங்கநாதன் தெருவுக்குள் போய்ப் புடவை எடுத்துக்கொண்டு வந்தவள். எந்தக் கடைக்குப் பின்வாசல் உண்டு, எந்தப் படிக்குக் கைப்பிடி உண்டு என்று தி.நகரில் அவளைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

இவ்வளவு சாமர்த்தியம் இருந்தும், மூன்றாம் மாடி விஜயராகவன் வாட்ஸ்அப்பில் போட்ட திட்டத்தைப் படித்ததிலிருந்து அவளுக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது. ஓய்வுபெற்ற பேங்க் மேனேஜர், அடுக்ககச் சங்கச் செயலாளர். தை மாதம் பிறந்தால் கட்டடத்தையே கிளப்பி ஊர் சுற்றக் கூட்டிப்போகிறவர். நல்ல மனிதர், தண்ணி லாரி வராவிட்டால் போன் போட்டே எதிராளியின் உயிரை எடுத்துவிடுவார். அவர் எழுதியிருந்தார்: 'ரூம் எடுக்கவில்லை. காலை வந்து மாலை ரயில். முதலில் விருபாக்ஷர் தரிசனம். அங்கிருந்து ஆற்றங்கரைப் பாறை வழியாக நடந்து விட்டலர் கோயில். பன்னிரண்டு மணிக்கு நடை சாத்துவதற்குள் பார்த்தாக வேண்டும். பாரதி மேடம் சிரமப்பட வேண்டாம், வேனிலேயே ஓய்வெடுக்கலாம், ஏ.சி. ஓடும்.' கீழே வரிசையாகக் கும்பிட்ட கைகளும் தூக்கிய கட்டைவிரல்களும்.

போன வருடம் கங்கைகொண்டசோழபுரத்தில் வேன் கண்ணாடி வழியாக அவளுக்குக் கோபுரத்தில் கால்வாசி தெரிந்தது. மிச்சத்தை முருங்கை மரம் மறைத்துவிட்டது. அதற்கு முந்தைய வருடம் தெரிந்ததெல்லாம் ஒரு மதில் சுவரும் இளநீர்க் கடையும்தான். கேட்டவர்களிடம் நன்றாக இருந்தது என்றாள். இந்த முறை அப்படிச் சொல்லப் போவதில்லை. ஹம்பி மேல் அவளுக்கு உண்மையாகவே ஆசை. ஊர் அளவுக்குப் பெரிய இடிபாடு அது. அதன் நடுவில் நின்று, அடுத்து எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் முழிக்க வேண்டும். வழி சொல்லிச் சொல்லி அலுத்த ஒருத்திக்கு இதைவிடப் பெரிய உல்லாசம் என்ன இருக்கிறது?

இடிந்த இடங்களுக்குள் எப்படி ஏறுவது என்பதெல்லாம் அவளுக்குப் பிரச்சினையே இல்லை. இடுப்புயர மேடையென்றால் முதுகைக் காட்டி அதில் உட்கார்ந்து, சூம்பிய காலைக் கையால் தூக்கி மேலே வைத்து, திரும்பி எழுந்துவிடுவாள். முட்டுவது அந்தப் பன்னிரண்டு மணிதான். காலையில் டூரிஸ்ட் பஸ்கள் மொத்தமாக வந்து இறங்கும். பேட்டரி வண்டிக்குப் பெரிய வரிசை நிற்கும். அவளால் நெடுநேரம் நிற்க முடியாது. வரிசை கலைவதற்குள் நடை சாத்திவிடுவார்கள். மாலை நான்கு மணிக்குத் திறந்தால் ரயிலுக்கு நேரமாகிவிடும். மயிலாப்பூர் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவளுக்கு இதில் சந்தேகமே வரவில்லை. மத்தியானம் கபாலி கோயில் மூடும், நாலு மணிக்குத் திறக்கும். வெயில் அடிப்பது மாதிரி அது. அதையெல்லாம் யாராவது விசாரிப்பார்களா? விஜயராகவன் விசாரிக்கவில்லை. விசாரணை மேசைக்காரியும் விசாரிக்கவில்லை.

எதிர்வீட்டு அஃப்சருன்னிசா கழுத்தில் அளவு டேப்போடு வந்து நின்றாள். வீட்டிலேயே ஜாக்கெட் தைப்பவள். ஹம்பிக்கு அவளும் பெயர் கொடுத்திருந்தாள். அவள் நாத்தனாரைக் கட்டிக்கொடுத்தது ஹோஸ்பேட்டையில். அங்கே ஆட்டோ ஓட்டும் ஹனீஃபா என்பவருடைய நம்பரை அந்த நாத்தனாரிடமிருந்து வாங்கி வைத்திருந்தாள்.

"இன்னாக்கா, மூஞ்சி இப்டி கீது? இட்லிய தொடவே இல்ல."

"எந்தப் பக்கம் போனாலும் பன்னெண்டுக்குள்ள முடிய மாட்டேங்குது அஃப்சர். உங்க ஹனீஃபாகிட்ட கேளேன், வரிசைல நிக்காம உள்ள போறதுக்கு ஏதாவது வழி இருக்கான்னு."

அஃப்சருன்னிசா போனை மேசையில் வைத்து ஸ்பீக்கரைப் போட்டாள். உருதுவில் நலம் விசாரிப்பு நீண்டது. அவள் ஏதோ கேட்க, அந்தப் பக்கம் சட்டென்று பேச்சு நின்றது. பிறகு பெரிய சிரிப்பு.

"என்ன சொல்றாரு?"

"மத்தியானம் கதவு சாத்துவாங்களாமேன்னு கேட்டேன். உள்ள சாமியே கெடயாதாம்க்கா. பூசையும் கெடயாது, ஐயரும் கெடயாது. சாத்தி எதுக்கு வெக்கணும்ன்றாரு. சாயங்காலம் வரிக்கும் தொறந்தேதான் கெடக்குமாம்."

ஜெயபாரதி டேப்லெட்டைத் தன் பக்கம் இழுத்தாள். பெயரில் விட்டலர் இருக்கிறார் என்றால் உள்ளேயும் இருப்பார் என்று அவள் நினைத்திருந்தாள். ஆள் இல்லாத வீட்டுக்கு ஏன் கதவு சாத்தப் போகிறார்கள்? தன்னை நினைத்தே அவளுக்குச் சிரிப்பு வந்தது.

"வரிசையப் பத்திக் கேளு."

"கேட்டாச்சு. மத்தியானம் அல்லாரும் சோறு துன்னப் பூடுவாங்களாம். ஒரு மணிக்கு மேல வந்தா வண்டி ஈ ஓட்டிக்கினு நிக்குமாம். ஏறி குந்திக்க வேண்டியதுதான்."

விரல் மறுபடியும் தார்ச்சாலையைப் பிடித்தது. இந்த முறை நிற்கவில்லை. வாசல் கோபுரத்தைத் தாண்டி, முற்றத்தைக் கடந்து, விட்டலர் கோயிலின் அந்தப் பிரசித்தமான கல் தேருக்கு முன்னால் போய் நின்றது. ஆறிப்போன இட்லிகளை ஜெயபாரதி நிம்மதியாகச் சாப்பிட்டாள்.

சாயங்காலம் கீழே கார் நிறுத்துமிடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு எல்லோரும் கூடினார்கள். விஜயராகவன் ரயில் டிக்கெட் விவரம் சொல்லி முடிக்கும் வரை ஜெயபாரதி காத்திருந்தாள். பிறகு ஆஸ்பத்திரியில் பேசுகிற அதே குரலில், தெளிவாக, வழி சொன்னாள்.

"சார், காலைல விருபாக்ஷர நிதானமா பாப்போம். அங்க சாமி இருக்காரு, அங்கதான் நடை சாத்துவாங்க. சாப்பிட்டுட்டு விட்டலர் கோயில். நீங்கள்லாம் பாறை வழியா நடந்து வாங்க. நானும் அஃப்சரும் ஹனீஃபா ஆட்டோல சாலை வழியா வந்து பேட்டரி வண்டில ஏறிடுவோம். உங்களுக்கு முன்னாடி தேருகிட்ட நிப்பேன்."

"மத்தியானம் எப்படிம்மா? நடை சாத்திடுவாளே!"

"உள்ள விட்டலர் இல்ல சார். காலி. அதனால சாத்தறதில்ல."

விஜயராகவன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். தன் போனில் எதையோ தேடிப் பார்த்தார். பிறகு தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். "ஆமாம்மா! மூணு வாரமா ஆத்துல உக்காந்து பிளான் போட்டுண்டிருக்கேன். ஒரு வார்த்தை யாரையும் கேக்கணும்னு தோணலை பாரு. பேஷ்! இதான் பிளான். மாத்திடறேன்."

நாற்காலிகளில் சிரிப்பு பரவியது. யாரோ கை தட்டினார்கள். அஃப்சருன்னிசா தானே அந்தக் கோயிலைக் கட்டியவள் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஜெயபாரதிக்கு மனசு நிறைந்துவிட்டது. இவ்வளவு சுலபமா? ஒரு தப்பான நேரம்தானா இத்தனை நாளும் குறுக்கே நின்றது?

முதல் மாடி சந்திரிகா மட்டும் சிரிக்காமல் எதையோ யோசித்துக்கொண்டிருந்தாள். வெள்ளந்தியானவள், மனதில் பட்டதை அப்படியே கேட்டுவிடுவாள்.

"எல்லாம் சரி. அப்போ பையெல்லாம் யாரு பாத்துக்கறது?"

சிரிப்பு அங்கங்கே அணைந்தது.

"ரூமும் இல்ல," என்றாள் சந்திரிகா. "டிரைவர் சாப்புடப் போய்டுவான். பணம், நகை, மாத்திரை எல்லாம் வேன்லதான இருக்கும்? எப்பவும் பாரதிக்கா இருப்பாங்க..."

பாதியில் அவளுக்கே புரிந்துபோய் நிறுத்திக்கொண்டாள். விஜயராகவன் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். ஜெயபாரதிக்குக் காது மடல் சுட்டது. கும்பிட்ட கைகள், கட்டைவிரல்கள், ஏ.சி. எல்லாவற்றுக்கும் அடியில் இது இருந்தது அவர்களுக்கே தெரிந்திருக்காது என்றுதான் அவளுக்குத் தோன்றியது. கோபம்தான் வந்தது, அழுகை வரவில்லை. அது அவளுக்குத் தைரியமாக இருந்தது.

"தெரியலயே சந்திரிகா," என்றாள். "நான் உள்ள போறதுக்குத்தான் வழி பாத்தேன். வெளில யாரு உக்காரணும்னு நீங்க பேசி வெச்சுக்கோங்க."

தெருவில் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. ஜெயபாரதி ஒவ்வொரு நாற்காலியாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். எல்லோரும் குனிந்து, அவரவர் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.