வேப்பிலை கசந்தது

வங்காளத்தில் பாங்குராப் பக்கம் வைசாக மாதத்துக் கோடை வெயில் ஆளை அவித்து எடுத்துவிடும். ராத்திரி கரண்ட் போனதும் நிமாய் கொசுவலையை உதறிவிட்டு முற்றத்துத் தரையில் பாயை விரித்துவிட்டான். “வலைக்குள்ள படுங்க, பூச்சி பொட்டு வரும்” என்று பாருல் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தினாள்.

“உன்னைவிடவா கடிச்சிரப் போவுது?” என்று சிரித்தான். பெண்டாட்டி பேச்சை என்றைக்குக் கேட்டிருக்கிறான் அந்த மகராசன்!

விடிந்தபோது வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கணுக்காலில் கொசு கடித்த மாதிரி இரண்டு புள்ளிகள். வீக்கமில்லை, எரிச்சலில்லை. அதைப் பார்த்ததும் அவன் தம்பி ஹராதனுக்கு முகம் மாறிவிட்டது.

“அண்ணி, கட்டுவிரியன் கடிச்சா கடிச்சதே தெரியாது. ஆஸ்பத்திரிக்குப் போயிருவோம்” என்று பைக்கைக் கிளப்பினான்.

“ராத்திரி தின்ன பலாப்பழம்டா. வாயுவுக்கு எவனாவது ஆஸ்பத்திரிக்குப் போவானா?” என்றான் நிமாய்.

அவனை விட்டால் பாருலுக்கு வேறு நாதியில்லை. ஓடிப்போய் ஒரு கொத்து வேப்பிலை பறித்து வந்தாள். விஷம் ஏறியவன் வாய்க்கு வேப்பிலை கசக்காது என்பது அந்த ஊரில் சின்னப்பிள்ளைக்கும் தெரிந்த சேதி.

“மெல்லுங்க.”

மென்றான். முகம் அஷ்டகோணலானது. “தூ! கசக்குதுடி, சண்டாளி!”

பாருலுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அழுதுகொண்டே சிரித்தாள். “வண்டியை நிறுத்துங்க தம்பி. கசக்குதாம்!”

ஹராதன் அரைமனதாக வண்டியை அணைத்துவிட்டு வயலுக்குப் போனான்.

பழைய சோறு நிமாய்க்குத் தொண்டையில் இறங்கவில்லை. கண் சொருகுது என்றான், நாக்கு குழறியது. ராத்திரிப் புழுக்கத்தில் தூங்காத அசதி என்று பாருல் அவனைப் படுக்கவைத்து விசிறினாள். சத்தம் போட்ட பிள்ளைகளைத் தெருவுக்கு விரட்டினாள். “நல்லாத் தூங்குங்க. என்னை ஒரு ஆட்டு ஆட்டிட்டு, இப்பக் குறட்டையா?” என்று செல்லமாகத் திட்டவும் செய்தாள். சந்தோஷத்தில் எதை எதையோ பேசிக்கொண்டே இருந்தாள்.

மத்தியானம் வந்த ஹராதன் அண்ணனை உலுக்கிப் பார்த்துவிட்டு அலறினான். ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போதே எல்லாம் முடிந்திருந்தது.

“கண்ணு சொருகுனப்பவே வந்திருந்தா மருந்து போட்டிருக்கலாமேம்மா” என்றார் டாக்டர்.

“வேப்பிலை கசந்துச்சு டாக்டர் பாபு. தூங்குறாருன்னுதான்…”

“விஷம் ஏறுனாலும் வேப்பிலை கசக்கும்மா. அது தூக்கமில்ல. விஷத்துல கண்ணைத் தொறக்க முடியாம கிடந்திருக்காரு.”

பாருல் அவரையே பார்த்தாள். “அப்ப நான் பேசுனதெல்லாம் அவருக்குக் கேட்டிருக்குமா?”

டாக்டருக்குப் பொய் சொல்ல வரவில்லை.

“ரொம்ப நேரம் கேட்டிருக்கும்மா” என்றார்.