கவனக்குறைவு என்று எழுதிய படம்

பிரஸ்காரனின் மச்சினன் செத்து ஒரு வருஷம் ஆன அன்று, அவன் படத்தைத் தகட்டுப் பட்டறைச் சுவரில் மாட்டினார்கள். மிஷின்களை நிறுத்தி எல்லோரையும் கூப்பிட்டார்கள். அவனுடைய அக்காவும் வந்திருந்தாள். அவள் பிரஸ்காரனின் பெண்டாட்டி.

படத்தின் கீழே இருந்ததை அவள் எழுத்துக் கூட்டிப் படித்தாள். ‘கவனக்குறைவால் இறந்தார்.’

“யாரு, என் தம்பியா? தண்ணி குடிக்கும்போதுகூட டம்ளருக்குள்ள எட்டிப் பாக்கிறவன்யா அவன்!”

நாலு பேர் சிரித்தார்கள். பிரஸ்காரன் சிரிக்கவில்லை.

பிரஸ்காரன் ஓட்டுவது தகட்டை அச்சில் வைத்து அழுத்தும் மிஷின். அந்தப் பிரஸ்ஸுக்கு இரண்டு பட்டன். இரண்டு கையாலும் சேர்த்து அழுத்தினால்தான் இறங்கும்; கை தப்பிக்க அதுதான் வழி. வேலை வேகமாக ஓடட்டும் என்று, ஒரு பட்டனில் கட்டையை அடித்து இறுக்கச் சொன்னான் ஃபோர்மேன். அடித்தவன் பிரஸ்காரன். அடுத்த ஷிப்டில், சிக்கிய தகட்டை எடுக்க மச்சினன் உள்ளே குனிந்தான். முழங்கை மற்ற பட்டனில் பட்டது. ‘மாமா’ என்று கத்த வாய்கூட மிஞ்சவில்லை. அச்சில் ஒட்டியிருந்ததைப் பிரஸ்காரன்தான் சுரண்டி எடுத்தான்.

“பட்டன்ல கட்டை அடிச்சு வச்சிருந்தாங்கன்னு பேசிக்கிறாங்களே?” என்று ஃபோர்மேனிடம் கேட்டாள் அக்கா.

“கட்டையா? எல்லாம் புரளிம்மா,” என்றான் ஃபோர்மேன். செத்தவன் எழுந்து வந்து சாட்சி சொல்லவா போகிறான் என்ற தைரியம். “அப்படியே இருந்தாலும் ஒண்ணும் ஆகாது. பாத்து வேலை செய்யணும்.”

“ஒண்ணும் ஆகாதா?” என்றான் பிரஸ்காரன்.

அவன் விட்ட குத்தில் ஃபோர்மேனின் மூக்கு உடைந்தது. காலரைப் பிடித்து பிரஸ்ஸுக்குத் தரதரவென்று இழுத்துப்போனான். பட்டனில் இன்றைக்கும் கட்டை இருந்தது. மோட்டாரைப் போட்டு, ஃபோர்மேனின் கையை முறுக்கி அச்சுக்குள் திணித்தான். இன்னொரு பட்டன் மேல் தன் உள்ளங்கையை வைத்தான்.

“கட்டை அடிக்கச் சொன்னது யாருடா?”

“விடுடா! நான்தான்! நான்தான் சொன்னேன்! அடிச்சது நீதானேடா!”

பிரஸ்காரன் மோட்டாரை அணைத்தான். பெண்டாட்டி பக்கம் திரும்பினான்.

“ஆமா. நான்தான் அடிச்சேன்.”

அவள் பெஞ்சில் கிடந்த ஸ்பானரை எடுத்தாள். முதல் அடியில் அவன் புருவம் கிழிந்தது. இரண்டாவதில் தோள் எலும்பு மளுக்கென்றது. அவன் கையைத் தூக்கித் தடுக்கவில்லை.

“ஒரு வருஷம்! எம்பக்கத்துலயே உக்காந்து சோறு தின்னியேடா!”

நாலு பேர் சேர்ந்துதான் அவளை இழுக்க முடிந்தது.

“போலீஸைக் கூப்பிடுங்க!” என்று மூக்கைப் பொத்திக்கொண்டு கத்தினான் ஃபோர்மேன்.

“கூப்பிடு,” என்றான் பிரஸ்காரன். ரத்தம் ஒரு கண்ணை மூடியிருந்தது. “அவங்ககிட்டயும் சொல்லணும்.”