இடப்பக்கம் இழுத்த மோட்டார்

பள்ளிகொண்டாவுக்குச் சற்று முன்னால், எதிரே வந்த மாட்டுவண்டிக்கு வழிவிட இருதயராஜ் ஸ்டியரிங்கைத் திருப்பினான். மோட்டார் அவன் நினைத்ததற்கு மேல் இடப்பக்கம் பாய்ந்து புளியமரத்தை உரசி நின்றது. பின்னால் உட்கார்ந்திருந்த முதலாளி குர்ஷித் சாயபு இறங்கி வந்தார்.

"வாயை ஊது."

மாட்டுவண்டிக்காரன் பார்த்துக்கொண்டிருக்க இருதயராஜ் ஊதிக் காட்டினான். வாடை எதுவும் இல்லை. அப்படியும் சாயபுவின் முகம் தெளியவில்லை.

"திங்கட்கிழமையிலேர்ந்து உன் கை சரியில்லன்னு மேனேஜர் சொன்னார். சனிக்கிழமைக்குள்ள காரணம் சொல்லு. இல்லாட்டி வேற ஆள் பார்த்துக்குவேன்."

அந்த வேற ஆள் யாரென்று இருதயராஜுக்குத் தெரியும். சாயபுவின் தோல் பதனிடும் ஷாப்பில் லாரி ஓட்டும் அந்தோணி. திங்கட்கிழமை விடிந்ததும் அவன் மோட்டாரின் முன்சக்கரத்தருகே குந்தி எதையோ கழுவிக்கொண்டிருந்ததை இருதயராஜ் பார்த்திருந்தான். அவன்தான் வண்டியில் ஏதோ செய்துவிட்டானென்று எண்ணி, அன்றிலிருந்து அவனோடு பேச்சை நிறுத்திவிட்டான்.

ஆம்பூர் திரும்பியதும் வண்டியைச் சோதிக்கத் தொடங்கினான். முன்டயர் இரண்டையும் பக்கம் மாற்றிப் போட்டு ஓட்டினான். அப்போதும் வண்டி இடப்பக்கமே போனது. சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டான். பிரேக் எங்கும் உரசாமல் தாராளமாகச் சுற்றியது. கடைசியில் ஒரு மூங்கில் குச்சியை எடுத்து, இரண்டு முன்சக்கரங்களுக்கும் நடுவே பின்புறம் வைத்து அளந்து, அந்த அளவுக்கு வெட்டினான். அதே குச்சியை முன்புறம் வைத்தபோது ஒரு விரல் இடைவெளி இருந்தது. இடச்சக்கரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தது.

வண்டிக்கடியில் படுத்தான். சக்கரங்கள் இரண்டையும் பிணைக்கும் இரும்புத் தண்டு நடுவில் வளைந்திருந்தது. கழுவிய கை எட்டாத மேல்பக்கத்தில் சுண்ணாம்பு காய்ந்து கிடந்தது. அதில் ஆட்டுமயிர்.

தோலை ஊறப்போடும் சுண்ணாம்புத் தொட்டிகள் ஷாப்பின் பின்கொட்டாயில் இருந்தன. மோட்டார் அந்தப் பக்கம் போனதே கிடையாது. தண்டைக் கழற்றிக்கொண்டு நேரே அந்தோணியிடம் போனான்.

"நீதானடா வண்டிய அங்க எடுத்துனு போன?"

அந்தோணி தண்டைப் பார்த்தான். கோபப்படவில்லை.

"ஞாயித்துக்கிழமை நீ கோயில்ல இருக்கசொல்லோ, ஓட்டக் கத்துக்கறேன்னு மேனேஜர் எடுத்தாரு. தொட்டிக்கரை மேல ஏத்திட்டாரு. நான்தான் தள்ளிவிட்டேன். மறுநாள் கழுவச் சொன்னாரு."

"எங்கிட்ட இன்னாத்துக்குச் சொல்லல?"

"ரெண்டு வாட்டி வந்தேன். நீ மூஞ்சத் திருப்பிக்கினு போய்ட்டியேபா."

இருதயராஜ் சுண்ணாம்பு உதிராமல் தண்டைத் தூக்கிக்கொண்டு திரும்பினான்.

சனிக்கிழமை தண்டைச் சாயபுவின் மேசைமேல் வைத்தான். மேனேஜர் கோதண்டபாணி வேட்டி நுனியைக் கையில் பிடித்தபடி, "எனக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லீங்க" என்றார். கூப்பிடாமலே அந்தோணி உள்ளே வந்து நடந்ததைச் சொன்னான். சாயபு மயிரொட்டிய சுண்ணாம்பை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். மேனேஜர் கையிலிருந்த மோட்டார் கொட்டகையின் சாவியை வாங்கி இருதயராஜிடம் கொடுத்தார். வேலையை விட்டு அவரை அனுப்பவில்லை.

கொல்லன் தண்டை நிமிர்த்திக் கொடுத்தான். குச்சி முன்னும் பின்னும் ஒரே அளவாக நிற்கும்வரை இருதயராஜ் திருகித் திருகி மாட்டினான். பள்ளிகொண்டாவரை வண்டி நேராகப் போனது.

அந்தோணியின் லாரியைப் பிறகு பல தடவை வழியில் பார்த்தான். அவன் எப்போதும்போல் கையை ஆட்டினான். மன்னிப்புக் கேட்க வேண்டுமென்று ஒவ்வொரு தடவையும் நினைத்த இருதயராஜ், ஹாரனை மட்டும் அடித்துவிட்டுப் போனான்.