கழுகுக்குக் கண்ணாடி

பேருந்துப் பணிமனையில் அந்த ஓட்டுநருக்குக் ‘கழுகு’ என்று பெயர். ஐம்பத்திரண்டு வயதிலும் மாத்திரை அட்டையின் பொடி எழுத்தைக் கண்ணாடி இல்லாமல் படித்துவிடுவார். தாளைக் கைக்கெட்டிய தூரம் தள்ளிப் பிடித்துத் திண்டாடும் சகாக்கள் அவரிடம்தான் வருவார்கள். அந்தப் பெருமைக்காகவே, கொஞ்ச நாளாகத் தூரத்துப் பலகைகள் கலங்கித் தெரிவதைப் பற்றி அவர் மூச்சு விடவில்லை. வியாழக்கிழமை உரிமம் புதுப்பிக்கக் கண் பரிசோதனை. தேறாவிட்டால் ஸ்டியரிங்கைத் தொட முடியாது. வேறு தொழிலும் தெரியாது.

நடத்துநர் அசந்த நேரம் பார்த்து அவருடைய கண்ணாடியை மாட்டிப் பார்த்தார். எதிரே இருந்த பலகை மொத்தமாகக் கரைந்துபோனது. கண்ணாடி போட்டும் இந்த லட்சணம் என்றால் கண் போயே போய்விட்டது என்று முடிவுகட்டினார். இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

மூன்றாம் நாள், நிறுத்தத்தில் கைகாட்டிய சொந்த மனைவியைத் தாண்டி வண்டியை விட்டுவிட்டார். வீட்டில் அவள் பிடிபிடியென்று பிடித்தாள்.

“ஊருக்கெல்லாம் கழுகு. கட்டினவ நின்னா மட்டும் கண்ணு தெரியாதா உங்களுக்கு?”

அவர் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னார். அவள் அப்புறம் திட்டவில்லை. மறுநாள் காலையே கண்ணாடிக் கடைக்கு இழுத்துப் போனாள்.

கடைக்காரப் பெண் சோதித்துப் பார்த்தாள். இவர் பொடி எழுத்துப் படிக்கும் கதையை மனைவி பெருமையாக எடுத்துவிட, அவள் சிரித்தாள்.

“அதுதாண்ணே அடையாளமே. இந்த வயசுல எல்லாருக்கும் வெள்ளெழுத்து வந்து பக்கத்து எழுத்து மங்கிடும். உங்களுக்குக் கிட்டப்பார்வை. அதனால பக்கத்துல இருக்கறது தப்பிச்சிருக்கு, தூரம்தான் போச்சு.”

இரண்டு வில்லைகளை அவர் கையில் வைத்தாள். ஒன்று நடுவில் தடித்தது, மற்றது நடுவில் மெலிந்தது. கிட்டப்பார்வைக் கண் வெளிச்சத்தை விழித்திரைக்கு முன்னாலேயே குவித்துவிடுகிறது என்றாள். மெலிந்த வில்லை அதைப் பின்னால் தள்ளும். தூரப்பார்வைக்கு நேர்மாறு, அதற்குத் தடித்தது வேண்டும். வெள்ளெழுத்துக்கும் தடித்ததுதான். நடத்துநர் கண்ணாடியைப் பற்றி அவர் கேட்டார். அதுவும் அந்த ரகம்தான் என்றாள். இவர் போட்டால் கலங்கல் கூடத்தான் செய்யும். கண்ணுக்கு வேறு கோளாறு ஒன்றுமில்லை.

அவர் அந்த மெலிந்த வில்லையைக் கீழே வைக்க மனமில்லாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

வியாழக்கிழமை, புதுக் கண்ணாடியோடு கடைசி வரிவரை படித்தார். கண்ணாடி அணிந்தே ஓட்ட வேண்டும் என்று உரிமத்தில் குறித்தார்கள். குறித்துவிட்டுப் போகட்டும். நேரே கடைக்கு வந்தார். நன்றி சொல்லிப் பழக்கமில்லாத மனிதர்.

“வண்டி ஓட்டறேன்மா. நீங்கதான் காரணம்.”

யாருடைய கண்ணாடிக்கோ திருகு முடுக்கிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். “சட்டையில தொடைக்காதீங்கண்ணே. கீறல் விழும்.”

சரி என்றார். இனி மனைவியிடமும் நன்றி சொல்ல வேண்டும். அது இதைவிடச் சிரமம். வழியெல்லாம் வாயைத் திறந்து திறந்து ஒத்திகை பார்த்தார். அவள் கதவைத் திறந்ததும், செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே சொல்லிவிட்டார்.