சுபைறாவின் வீட்டுக்கு மூன்று அனுமதி

தேத்தண்ணிக் கடையில் பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்த காலிதீனின் கழுத்தை நெரித்தால் என்ன என்று அன்று மீராசாஹிபுவுக்குத் தோன்றியது. நாடு முழுக்கக் கட்டிட அனுமதிகள் கூடிவிட்டனவாம். கட்டிட வேலைகளில் போடும் பணம் முன்பு இல்லாதபடி பெருகுகிறதாம். நாடே எழும்பி நிற்கிறதாம்.

"எங்க எழும்பி நிக்கிது? என்ட வளவுல ஒரு கல்லும் எழும்பல்லியே" என்றார் மீராசாஹிபு. கடையில் எல்லாரும் சிரித்தார்கள்.

கல்முனைக் கரையில் பெண்ணைப் பெற்றவன் முதலில் வீட்டைக் கட்டியாக வேண்டும். நிக்காஹ் எல்லாம் அதற்குப் பிறகுதான். மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்குக் குடிவருவார். பெற்றவர்கள் சாவியைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வார்கள். மூத்தவள் சபூறாவுக்குத் தன் கல்வீட்டைக் கொடுத்துவிட்டு, அதே வளவின் பின்பக்கம் தென்னோலைக் கிடுகுக் குடிசை ஒன்றில் மீராசாஹிபுவும் மனைவி ஹவ்வா உம்மாவும் இளையவள் சுபைறாவும் இருந்தார்கள். சுபைறாவுக்கு மருதமுனையில் மாப்பிள்ளை பேசியாகிவிட்டது. தறி வைத்து நெய்கிற குடும்பம், அடக்கமான பையன். பெண்ணுக்கும் சம்மதம். வீடு மட்டும்தான் இல்லை.

அனுமதி இல்லாமல் இல்லை. அதுதான் கொடுமை. முதல் அனுமதி வந்தது சபர் மாதத்தில். "பீடை மாசத்துல கல் வைக்க நான் உடமாட்டன்" என்று ஹவ்வா உம்மா ஒற்றைக்காலில் நின்றாள். மீராசாஹிபுவும் ஒரு மாதம்தானே என்று விட்டுவிட்டார். அந்த ஒரு மாதத்துக்குள் மேசன் முத்தலிப் கல்லோயா அணைக்கட்டு வேலைக்கு லொறி ஏறிவிட்டான். அவனோடு ஊரிலிருந்த மற்ற மேசன்மாரும் போனார்கள். சீமெந்தும் கண்முன்னே அந்தப் பக்கமாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஆளும் இல்லை, பொருளும் இல்லை. வருடம் முடிய அனுமதியும் செத்தது. இரண்டாவது அனுமதியும் அதே வழியில் போனது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா?

அணை வேலை குறைந்து முத்தலிப் ஊர் திரும்பியதும் மீராசாஹிபு மூன்றாம் தரம் அனுமதி கொடுக்கும் சபைக் கந்தோருக்கு ஓடினார். மாப்பிள்ளையின் தாய் சுஹறா சொல்லியனுப்பிய வார்த்தை அவர் காதிலேயே நின்றது. வயலில் வேளாண்மை வெட்டு முடியுமுன் வீட்டுக்கு முகடு ஏற வேண்டும், இல்லையென்றால் அவர்கள் நிந்தவூரில் வேறு இடம் பார்ப்பார்கள்.

கட்டிடங்களைப் பார்வையிடும் ஓவசியர் ஷரிபுதீன் மேசைக்குப் பின்னாலிருந்து அலுப்போடு பார்த்தார். "ஒங்களுக்கு ரெண்டு தரம் தந்தாச்சே, மீராசாஹிபு காக்கா."

"தந்தீங்கதான். வீடு எங்க?"

"அது நான் எப்பிடிச் சொல்ற?"

மீராசாஹிபுவுக்கு ஒரு சந்தேகம் முளைத்தது. "பேப்பர்ல அனுமதி கூடியிரிக்கி எண்டு போட்டிரிக்கான். அதுல என்ட ரெண்டையும் சேத்தா எண்ணின?"

"ஓம். குடுத்த அனுமதியெல்லாம் எண்ணித்தானே கொழும்புக்கு அனுப்புறம். இதையும் தந்தா மூணு."

"கட்டின வீட்ட எண்ணுறல்லியா?"

"அத அவங்க கேக்கல்ல" என்றார் ஓவசியர். அவர் பொய் சொல்லவில்லை. அதனாலேயே மீராசாஹிபுவுக்கு ஆத்திரம் தலைக்கேறியது. நாட்டின் வளர்ச்சியில் அவருடைய பங்கு மூன்று வீடு. அவருடைய குமர் சுபைறாவோ இன்னும் கிடுகு இடுக்கால் வானம் பார்த்துக் கிடந்தாள்.

முந்திய இரண்டு தரமும் அளக்காத ஓவசியர் மறுநாள் அளவு நாடாவோடு வந்து வளவை அளந்தார். அளந்து முடித்ததும் குடிசையைக் காட்டினார். புது வீட்டுக்கும் மற்றக் கட்டிடத்துக்கும் நடுவே விட வேண்டிய இடம் போதாதாம். குடிசையைப் பிடுங்கினால் அன்றைக்கே கையெழுத்து.

"வீட்டச் சின்னதாக் கட்டினா என்ன?" என்று கேட்டார் மீராசாஹிபு.

"அது ஒங்கட விருப்பம். எனக்கென்ன."

மண்டபமும் இரண்டு அறையும் என்று மருதமுனையில் கொடுத்த வாக்கு அது. சின்னதாக்க முடியாது. மீராசாஹிபு அன்று பகலே கிடுகைப் பிரித்தார். முத்தலிப் அத்திவாரத்துக்குக் கயிறு கட்டினான். வருடக் கணக்கில் காத்திருந்த வேலை தொடங்கியும் அவர் மனதில் சந்தோஷம் என்ற ஒன்று மருந்துக்கும் இல்லை.

ஹவ்வா உம்மா சட்டி பானைகளை மாமரத்தடியில் அடுக்கினாள். "வீடு முடியும் மட்டும் நாம எங்க இரிக்கிற? முடிஞ்சாப் பொறகும் எங்க இரிக்கிற?"

"இறக்காமத்து வயல்ல காவலுக்குப் போட்ட வாடி இரிக்கி."

"குமரையும் கூட்டிக்கிட்டு யானைக்கு நடுவுலயா? மூத்தவள்ட மாப்பிள்ளைக்கிட்டக் கேளுங்க. பின் அறை சும்மாதானே கிடக்கு."

ஓவசியரோடு மல்லுக்கு நின்ற வாய், மருமகன் மர்சூக்கின் முன்னால் ஒட்டிக்கொண்டது. சபூறாவின் அந்த வீட்டுக்கு மணல் சுமந்தவர் அவர். கதவு நிலைக்கு மரம் தேடி அலைந்தவரும் அவர்தான். இப்போது விறாந்தையில் ஏறாமல் படியிலேயே நின்று விஷயத்தைச் சொன்னார். சொல்லும்போது வெட்கம் பிடுங்கித் தின்றது.

மர்சூக் கெட்டவனல்ல. சாய்மனைக் கதிரையிலிருந்து மரியாதையாக எழுந்தான். கதவுக்குப் பின்னால் நின்ற சபூறாவை ஒரு தரம் திரும்பிப் பார்த்தான். அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"யோசிச்சிச் சொல்றன், மாமா" என்றான்.

"ஓம் மகன்" என்று சொல்லிவிட்டு, மீராசாஹிபு தான் கட்டிய படியிலிருந்து இறங்கினார்.