பக்கத்து வீட்டுக் கால்

கோமளாவின் இடது பாதத்தை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, விரல் இடுக்குகளில் பழைய துண்டின் முனையை விட்டு ஈரத்தை ஒற்றியெடுத்தாள் மோகனா. காலையில் நர்ஸ் உஷாராணி மிஸ்ஸி தனக்குச் செய்துவிட்டுப் போனது போலவே, அதே வரிசையில். தண்ணீரின் சூட்டைக் காலை விட்டுப் பார்க்கக் கூடாது, முழங்கையால் பார்க்க வேண்டும். துடைத்த பிறகு கைக்கண்ணாடியை அடியில் பிடித்து உள்ளங்காலை ஆராய வேண்டும். கிரீம் குதிகாலுக்கு மட்டும். இடுக்கில் போட்டால் தோல் ஊறிவிடும். பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்திருந்த கோமளா தன் காலை யாரோ இன்னொருத்தியின் காலைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கூச்சமே இல்ல மோகனா. நீ தொடறது கண்ணுக்குத்தான் தெரியுது."

இருவருக்கும் இனிப்பு நீர், சர்க்கரை வியாதி. இருவரும் ஒரே தோட்டத்தில் பிறந்தவர்கள். தோட்டத்தை வீடமைப்புக்கு விற்றபோது செங் என்ற ஊரில் இருக்கும் இந்த மலிவுவிலை அடுக்குமாடியில் அடுத்தடுத்த வீடு கிடைத்தது. கோமளா மூத்தவள். பக்கத்திலிருந்த தொழிற்சாலையில் கண் மங்கும்வரை சின்னச் சின்னக் கம்பிகளைப் பற்றவைத்தவள். கணவன் இறந்துவிட்டான், மகன் ஜொகூரில் இருந்தான். மோகனா ஆயர் குரோவில் ஒரு பள்ளிக்கூடக் கேன்டீனில் நாள் முழுக்க நின்று வேலை செய்தாள். அவளுடைய அப்பாவுக்கு இதே நோயில்தான் கால் போனது. தோட்டத்து லயத்து வாசலில் அவர் பலகை வண்டியில் உட்கார்ந்து, போகிற வருகிற எல்லாரையும் திட்டிக்கொண்டே செத்தார். அதனால் அறவாரியம் ஒன்று நோயாளிகளின் வீட்டுக்கே மிஸ்ஸியை அனுப்பப் போகிறது என்று கேள்விப்பட்டதும் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தாள். கோமளாவையும் இழுத்துப் போய்க் கொடுக்க வைத்தாள்.

பெயர் கொடுத்தவர்கள் அதிகம், மிஸ்ஸிகள் கொஞ்சம். கம்ப்யூட்டரில் சீட்டுக் குலுக்கினார்கள். மோகனாவுக்கு விழுந்தது. கோமளாவுக்கு மிஸ்ஸி கிடையாது. ஆனால் அவள் காலையும் அவ்வப்போது பரிசோதித்து எழுதிக்கொள்ள ஷாமினி என்ற பெண் வருவாள். மிஸ்ஸி வந்த வீடுகளையும் வராத வீடுகளையும் ஒப்பிட்டுப் பார்த்து, திட்டத்தால் பலன் இருக்கிறது என்று தெரிந்தால் அடுத்த சுற்றில் கோமளாவுக்கும் வரும் என்றார்கள். "எனக்கு என்னிக்கு லாட்டரில நம்பர் அடிச்சிருக்கு" என்று கோமளா சிரித்தாள். அன்றே மோகனா சொல்லிவிட்டாள், மிஸ்ஸி எனக்குச் செய்றத நான் ஒங்களுக்குச் செஞ்சுட்டுப் போறேங்கா, அவ்வளவுதானே.

ஷாமினி அடுத்த முறை வந்தபோது கோமளாவின் நகங்கள் நேராக வெட்டப்பட்டிருந்தன. குதிகால் வெடிப்பு மூடியிருந்தது. கிளினிக் போனீங்களா ஆன்ட்டி என்று அந்தப் பெண் கேட்டாள். கோமளா பெருமையோடு சுவரைக் காட்டினாள். "கிளினிக்லாம் எதுக்கு? என் மிஸ்ஸி பக்கத்து வீட்லயே இருக்கா." ஷாமினியும் சிரித்தாள். சிரித்தபடியே டேப்லெட்டில் அதைத் தட்டி எழுதிக்கொண்டாள்.

ரோகினி நேரில் வந்தது அதற்குப் பிறகு. பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்துகிறவர், இந்த ஆய்வுக்குப் பொறுப்பாளர். தெங்கேராவில் பரம்பரை வீடு உள்ள யாழ்ப்பாணத்துக் குடும்பம் என்று மிஸ்ஸி சொல்லியிருந்தாள். கதவோரம் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். மோகனா கொடுத்த மைலோவை முழுவதும் குடித்தார். அவர் குரலில் அதட்டல் எதுவும் இல்லை.

"கோமளா காலுக்கு நீங்கதான் செய்றீங்களாமே."

"ஆமா மேடம். மிஸ்ஸி சொன்ன மாதிரியேதான் செய்றேன். தப்பா ஏதும் செய்யல."

"தப்பா செஞ்சிருந்தா எனக்குக் கஷ்டமே இல்ல மோகனா." ரோகினி கோப்பையைக் கீழே வைத்தார். "அவங்க காலும் ஒங்க கால் மாதிரியே நல்லா இருந்தா, மிஸ்ஸி வந்ததாலதான் ஒங்க கால் நல்லா இருக்குன்னு நான் எப்படிக் காட்டுவேன்? வித்தியாசமே தெரியாது. பலன் இல்லன்னு எழுதி மூடிருவாங்க. இந்தத் திட்டம் தோட்டம் தோட்டமா போக வேண்டியது. எத்தன பேர் கால் இதுல இருக்கு தெரியுமா?"

மோகனாவுக்குப் புரிந்தது. புரியாமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று பிற்பாடு பல தடவை நினைத்துக்கொண்டாள். "அப்ப அக்காவ என்ன செய்யச் சொல்றீங்க?"

"கிளினிக் இருக்கு. எல்லாரும் போற மாதிரி அவங்களும் போகலாம். அத நாங்க தடுக்கல. அடுத்தடுத்த வீட்ட இப்படிப் பிரிச்சது எங்க பிழை, பிளாக் பிளாக்கா குலுக்கியிருக்கணும். இப்ப மாத்த முடியாது." பிறகு, "நீங்க தொடர்ந்து செஞ்சா ரெண்டு வீட்டையும் ஆய்வுலேர்ந்து எடுத்துருவாங்க. மிஸ்ஸி வரமாட்டாங்க. இதப் பத்தி கோமளாகிட்ட பேச வேணாம், அதுவும் அவங்க சொல்ற பதில மாத்திரும்" என்றார்.

மோகனாவின் பெருவிரலில் அப்போது ஒரு புண் ஆறிக்கொண்டிருந்தது. உஷாராணி அதைக் கட்டு மாற்றி மாற்றி ஓரங்களில் இளஞ்சிவப்புத் தோல் வரும்வரை கொண்டுவந்திருந்தாள். கிளினிக்கில் விடியுமுன் வரிசை பிடித்தால் மதியம்தான் பெயர் கூப்பிடுவார்கள். அதற்குக் கேன்டீன் முதலாளி லீவு தரமாட்டான். ரோகினி படியிறங்கிப் போன பிறகும் அவள் காலியான கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். பக்கத்து வீட்டில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. அப்பாவின் பலகை வண்டிச் சக்கரம் சிமெண்டில் உருளும் சத்தம்தான் அவளுக்குக் கேட்டது.

முதலில் ஓவர்டைம் என்றாள், பிறகு உடம்பு சரியில்லை என்றாள். கோமளா ஒவ்வொன்றையும் நம்பினாள். கஞ்சி வைத்து எடுத்து வந்தாள். வெந்நீர் தயாராக வைத்துவிட்டுக் காத்திருந்தாள். ஒரு சனிக்கிழமை இரும்புக் கதவைப் பிடித்துக்கொண்டு நேராகவே கேட்டாள்.

"நான் ஏதும் சொல்லிட்டனா? சொல்லு. எனக்கே குனிஞ்சு பாக்க முடியல மோகனா, கண்ணும் தெரியல. கொஞ்சம் வந்து பாத்துட்டுப் போயேன்."

மோகனா அடுப்பில் குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்தாள். இவள் தினமும் வந்து நிற்பாள், என்றாவது மிஸ்ஸியோ ஷாமினியோ பார்த்துவிடுவார்கள் என்ற பயம் நெஞ்சுக்குள் ஏறியது. இனிமேல் இவள் கேட்கவே கூடாது. அதற்கு ஒரே வழிதான் இருந்தது. திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்.

"ஒங்க காலத் தொட்டுட்டு வந்து என்னால சோறு திங்க முடியலக்கா. அருவருப்பா இருக்கு."

கதவின் கம்பியிலிருந்து கை விலகும் சத்தம் கேட்டது.  அதன் பிறகு கோமளா வரவில்லை. மாடி நடையில் எதிர்ப்பட்டால் சுவரோரமாக ஒதுங்கி, சாரத்தை இழுத்துப் பாதத்தை மூடிக்கொண்டு போனாள்.

எப்போது குத்தியது என்று யாருக்கும் தெரியாது. சிலிப்பருக்குள் கிடந்த தகரத் துண்டு அது. கோமளா அதை மிதித்துக்கொண்டே பாசார் சந்தைக்கும் கோயிலுக்கும் நடந்திருக்கிறாள். வலி இல்லை, பார்க்கவும் ஆளில்லை; ஷாமினி அடுத்த முறை வர இன்னும் மாதக்கணக்கு இருந்தது. மழைக்கால ஆரம்பத்தில் அவள் வீட்டு ஜன்னலிலிருந்து ஒரு வாடை வர ஆரம்பித்தது. மோகனாவுக்கு அது என்ன வாடை என்று உடனே தெரிந்துவிட்டது. அப்பாவின் போர்வையில் இருந்த வாடை. சாம்பிராணி போட்டாள். ஜன்னலைச் சாத்தினாள். நாளைக்குப் போய்ச் சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு நாளும் நினைத்தாள். எந்த முகத்தோடு போவது என்பதிலேயே அந்த நாளும் போய்விடும்.

அந்த வாரம் கட்டு மாற்ற வந்த உஷாராணி மூக்கைச் சுளித்தாள். "என்னாக்கா இது? பக்கத்துல யாருக்காவது புண்ணு இருக்கா?"

"காண் அடைச்சுக்கிச்சு மிஸ்ஸி" என்றாள் மோகனா. "கீழ சாக்கடத் தண்ணி நிக்குது."

ஜொகூரிலிருந்து திடீரென்று வந்த மகன்தான் கோமளாவைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினான். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

ஆய்வு முடிந்தபோது ரோகினியும் ஷாமினியும் கடைசிக் கேள்விகளுக்காக வந்தார்கள். மோகனாவின் விரலில் புண் இருந்த இடம்கூடத் தெரியவில்லை. ஷாமினி அதைப் படம் எடுத்துக்கொண்டாள். மாநிலம் முழுக்கத் திட்டத்தைக் கொண்டுபோகப் போகிறார்கள் என்று ரோகினி சொன்னார். சொல்லும்போது அவர் முகம் மலரவில்லை. பக்கத்து வீட்டுக்குப் போக எழுந்தவரிடம் மோகனா கேட்டாள்.

"அக்கா கால் ஒங்க கணக்குல வருமா மேடம்?"

"வரும்."

"எந்தப் பக்கம்?"

ரோகினி கைப்பையின் வாரைச் சரிசெய்தார். "மிஸ்ஸி கிடைக்காதவங்க பக்கம். கூடக் கொஞ்சம் வாங்க, கதவத் திறக்க அவங்களால எழுந்திரிக்க முடியாதாமே."

கோமளா சக்கர நாற்காலியில் இருந்தாள். தலை வாரிக் கட்டி, பவுடர் போட்டிருந்தாள். மோகனா கதவோரமே நின்றுகொண்டாள். கோமளா அவளைப் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. ஷாமினி மெல்லிய குரலில் கேள்விகளைப் படித்தாள். தனியாகக் குளிக்க முடிகிறதா? தூக்கம் வருகிறதா? கோமளா பள்ளிக்கூடத்துப் பிள்ளையைப் போல ஒவ்வொன்றுக்கும் யோசித்துப் பதில் சொன்னாள்.

"திட்டத்துக்கு வெளியில ஒங்க காலப் பாத்துக்க யாரும் ஒதவி செஞ்சாங்களா ஆன்ட்டி?"

"பக்கத்து வீட்டுப் பொண்ணு கொஞ்ச நாள் செஞ்சிச்சு" என்றாள் கோமளா. "அப்புறம் அதுக்கு அருவருப்பா போச்சு. அத ஒன்னும் சொல்லக்கூடாது. நம்ம காலு அப்படி இருந்திருக்கு."

மோகனா ரோகினியைப் பார்த்தாள். ரோகினி நிமிர்ந்தார். அவர் வாய் லேசாகத் திறந்தது. பிறகு ஷாமினியின் கையிலிருந்த திரையைப் பார்த்து, "ஒதவி நின்னுடுச்சுன்னு போடும்மா" என்றார்.

அவர்கள் நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். லிஃப்ட் வேலை செய்யாததால் படிகளில் அவர்களுடைய செருப்புச் சத்தம் வெகுநேரம் கீழிறங்கிக்கொண்டிருந்தது. மோகனா நகரவில்லை. 

"அக்கா."

"இந்த நாற்காலிய வெளிய தள்ளி விட்டுட்டுப் போ" என்றாள் கோமளா.

மாடி நடையின் கம்பித் தடுப்பு வரைக்கும் மோகனா தள்ளிக்கொண்டு போனாள். கீழே தொழிற்சாலை பஸ் வந்து நின்றது. ஷிப்ட் முடிந்த பெண்கள் நீலச் சட்டையில் ஒருவர் பின் ஒருவராக இறங்கினார்கள். ஒருத்தி தேங்கிய தண்ணீரைத் தாண்டிக் குதித்தாள். இன்னொருத்தி ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, வெறுங்காலோடு ஈரத் தாரில் சிரித்துக்கொண்டே நடந்தாள். கோமளா கம்பியைப் பிடித்து முன்னால் சாய்ந்து, அந்தப் பெண் கட்டடத்துக்குள் மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.