கிள்ளானிலிருந்து வந்த செப்புக்காசு

கடல் தாண்டி வந்து குடியேறிய பிரிக்பீல்ட்ஸில் சீதாலெட்சுமிக்குப் பேச்சுத்துணை என்று ஒருவரும் இல்லை. இருந்த ஒரே ஆள் பக்கத்து ஊரான கிள்ளானில் இருந்தார். அவரும் அவளோடு பேசுவதாக நினைக்கவில்லை. துணிக்கடை சலாவுதீன் மரைக்காயர் மாதம் தவறாமல் பழங்காசுகளைப் பற்றிக் கடிதம் எழுதியது, ரயில்வேயில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த அவள் புருஷன் சின்னையாவுக்கு. சின்னையா செத்து மூன்று வருஷம் ஆகியிருந்தது.

அவர் செத்த மாதம் வந்த கடிதத்துக்குச் சாவைச் சொல்லி ஒரு வரி எழுதத்தான் உட்கார்ந்தாள். ஆனால் மரைக்காயர் ஒரு ரோமாபுரிக் காசின் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து அனுப்பி, இது எந்த நாணயசாலையில் அடித்தது என்று கேட்டிருந்தார். அவளுக்கு விடை தெரியும். கண் மங்கிய சின்னையாவுக்குக் காசின் அடியில் இருக்கும் நாணயசாலைக் குறியைப் பார்த்துச் சொன்னதே அவள்தான். பதிலை எழுதிப் புருஷன் பெயரைப் போட்டாள். அந்நிய ஆணுக்கு ஒரு விதவை கடிதம் எழுதினால் தெரு சும்மா இருக்குமா?

இப்போது இன்னொரு காசைப் பற்றிய வழக்கு முற்றியிருந்தது. கொழும்பில் தாம் வாங்கிய காசு அலெக்ஸாந்திரியாவில் அடித்தது என்று மரைக்காயர் ஒற்றைக்காலில் நின்றார். அடியில் இருப்பது எழுத்தே இல்லை, எழுத்தறியாத எவனோ நம் தமிழ்நாட்டுப் பக்கம் ரோமாபுரிக் காசைப் பார்த்துக் கீறிய கோடுகள், வைகை மணலில் கிடைத்த என் காசும் அதே அச்சு என்று அவள் எழுதினாள். ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து இரண்டையும் ஒப்பிடுகிறேன் என்று பதில் வந்தது.

வந்தேவிட்டார். அவள் கதவுக்குப் பின்னால் நின்றாள்.

"சின்னையா அண்ணன் இல்லீங்களா?"

பொய் சொல்ல நாக்கு எழவில்லை. "அவர் தவறி மூணு வருஷமாச்சுண்ணே."

"அப்ப போன வாரக் கடுதாசி?"

"நான்தான். மூணு வருஷமா நான்தான் எழுதுறேன்."

அவர் கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. பையிலிருந்து தம் காசை எடுத்து வாசற்படியில் வைத்தார். அவள் தன்னுடையதைப் பக்கத்தில் வைத்துப் பூதக்கண்ணாடியைப் பிடித்தாள். காசில் இருந்த ராஜாவின் தாடைக்குக் கீழே அதே கீறல், மறுபக்கத்தின் அடியில் அதே கோணல் கோடுகள்.

"ஒரே அச்சுண்ணே!" என்று கத்தியேவிட்டாள்.

குனிந்து பார்த்த மரைக்காயரின் முகம் மலர்ந்தது. "நீங்க சொன்னதுதான் சரி, இது நம்ம பக்கத்துல அடிச்சதுதான்." பிறகு தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "என் காசையும் நீங்களே வச்சுக்குங்கம்மா. இனிமே நான் எழுதுறது முறையில்ல. யாரும் உங்கள ஒரு வார்த்தை சொல்லிடக் கூடாது பாருங்க."

நல்ல மனிதர், வேறெப்படிப் பேசுவார்? அதுதான் அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

மூன்று வருஷம் வழக்காடி ஜெயித்தாயிற்று. ஜெயித்ததை எழுதிச் சொல்ல, தோற்றுப்போன அந்த ஒருவரைத் தவிர அவளுக்கு யாருமில்லை.